தொலைப்படி தடைப்படும்போது: சேமிப்பகங்களுக்கிடையே தரவுப் படியாக்கத்தில் நேரும் பழுதுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்



மொழியியல் பயின்றவன் ஒருவன் கணினிச் சேமிப்பகங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்துறைக்கு நான் விரும்பி வந்தவன் அல்லன். ஓர் இழப்பு என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1980களில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, மலேசிய இரப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த பட்டணங்களிலும் வாழ்ந்த முதியோரின் பேச்சை ஒலிநாடாக்களில் பதிவு செய்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவை மின்வடிவாக்கப்பட்டு, ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டன. அவற்றின் படி வேறோர் ஊரில் உள்ள மற்றொரு சேமிப்பகத்துக்கு இரவுதோறும் சென்றது. காலையில் வரும் அறிக்கையில் ‘படியாக்கம் நிறைவு’ என்றே எழுதியிருக்கும். ஒருமுறை முதற்சேமிப்பகத்தில் அடுத்தடுத்துப் பல வட்டுகள் பழுதடைந்தன. அஞ்ச வேண்டியதில்லை, இரண்டாவது படி இருக்கிறது என்றனர். திறந்து பார்த்தோம். பட்டணத்துப் பதிவுகள் யாவும் இருந்தன. தோட்டத்துப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை.

அது ஏன் நிகழ்ந்தது என்பதற்கு ஓர் எழுத்தே காரணம். அந்த எழுத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அதற்குமுன், படியாக்கம் என்பது என்ன, அது எங்கெங்கே தடைப்படும், தடைப்பட்டால் எந்த வரிசையில் ஆராய வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

மூலமும் படியும்

ஏடு பெயர்த்தெழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பனையோலைக்கு வாழ்நாள் குறைவு. ஆதலால் ஓலை சிதையுமுன் வேறோர் ஓலையில் எழுதி வைத்தனர். கணினித் துறையில் ‘ரெப்ளிகேஷன்’ எனப்படும் படியாக்கமும் அதே கருத்தில் பிறந்ததுதான். பல கணினிகளும் வட்டுகளும் இணைந்து ஒரே சேமிப்பகமாக இயங்கும் அமைப்பைச் சேமிப்புக் கொத்து என்போம். ஒரு கொத்தில் ஒரு வட்டு பழுதானால் மற்றவை தாங்கும். ஆனால் கட்டடத்தில் தீப்பிடித்தாலோ வெள்ளம் புகுந்தாலோ கொத்து முழுவதும் போய்விடும். அதனால் தொலைவிலுள்ள வேறொரு கொத்தில் ஒரு படியை வைக்கின்றனர்.

படி செல்லும் முறை எளியது. மூலக்கொத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் வரிசை எண்ணுடன் ஒரு குறிப்பேட்டில் பதிவாகும். அக்குறிப்பேடு வலையமைப்பின் வழியே மறுகொத்துக்குச் செல்லும். அங்கே அதே வரிசையில் அம்மாற்றங்கள் நிகழ்த்தப்படும். வரிசை தவறினால் பொருள் தவறும். ஒரு கோப்பை உருவாக்குமுன் அதைத் திருத்த இயலாதல்லவா?

இதில் இரு வகை உண்டு. மறுகொத்திலும் எழுதி முடித்துவிட்டதாக மறுமொழி வந்த பின்னரே ‘எழுதியாயிற்று’ என்று பயனருக்குச் சொல்வது உடன்நிகழ் படியாக்கம். மூலத்தில் எழுதியவுடனேயே பயனருக்குச் சொல்லிவிட்டு, படியைப் பின்னர் அனுப்புவது பின்தொடர் படியாக்கம். முன்னது பாதுகாப்பானது, ஆனால் தொலைவு அதற்குப் பகை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய் வருவதற்கு மட்டும் 29 மில்லிநொடி ஆகும். கம்பிவடம் வளைந்து செல்வதால் நடைமுறையில் இன்னும் மிகுதி. ஒவ்வோர் எழுத்துப் பணியும் இவ்வளவு காத்திருந்தால் பயனரின் வேலை ஊர்ந்து செல்லும். ஆகவே நெடுந்தொலைவுக்குப் பெரும்பாலும் பின்தொடர் முறையே கையாளப்படுகிறது. அதற்குரிய விலையையும் அறிந்திருக்க வேண்டும். படி எப்போதும் மூலத்துக்குச் சற்றுப் பிந்தியே இருக்கும். மூலம் திடீரென அழிந்தால், அந்தப் பிந்திய பகுதி மீளாது.

பின்னடைவின் வடிவத்தைப் படித்தல்

பழுது நேர்ந்தவுடன் பலரும் செய்யும் முதல் தவறு, எதையாவது நிறுத்தித் தொடங்குவது. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, முதலில் பார்க்க வேண்டியது பின்னடைவு. அதாவது படி மூலத்துக்கு எவ்வளவு நேரம் பிந்தியிருக்கிறது என்பது. அதன் அளவைவிட அதன் வடிவம் மிகுதியாகப் பேசும்.

பின்னடைவு நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்தால், வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் குறுகலாக இருக்கிறது என்று பொருள். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும் இணைப்பில் ஒரு டெராபைட் தரவை அனுப்ப 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நாளொன்றுக்கு ஒரு டெராபைட்டுக்குமேல் மாற்றம் நிகழும் கொத்தின் படி, அந்த இணைப்பில் ஒருபோதும் மூலத்தை எட்டிப் பிடிக்காது. இங்கே பழுது எதுவும் இல்லை, திட்டத்தில்தான் பிழை.

பின்னடைவு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், வலையமைப்பில் பொதிகள் இடையிடையே தொலைகின்றன என ஐயுறலாம். ஒரு குறிப்பிட்ட நொடியிலிருந்து நேர்க்கோடாக ஏறிக்கொண்டே போனால், படியாக்கம் முற்றும் நின்றுவிட்டது. அப்போது கேட்க வேண்டிய வினா ஒன்றே: அந்த நொடியில் என்ன மாறியது? கடவுச்சொல் மாறியதா, மென்பொருள் மேம்படுத்தப்பட்டதா, தீயரண் விதி திருத்தப்பட்டதா, வட்டு நிரம்பியதா? மொழியியலில் ஒலிமாற்றம் ஒன்றை ஆராயும்போது, அது எந்தச் சூழலில் தொடங்கியது என்று தேடுவோம். இங்கும் அதே முறைதான்.

வழி, அடையாளம், இடம்

நின்றுவிட்ட படியாக்கத்தை மூன்று படிநிலைகளில் ஆராயலாம்.

முதலாவது வழி. ஒரு கொத்திலிருந்து மற்றதன் பெயரை அழைத்தால் சரியான முகவரி கிடைக்கிறதா? அம்முகவரிக்குப் பொதி போய் வருகிறதா? படியாக்கத்துக்குரிய வாயில் திறந்திருக்கிறதா? இம்மூன்றும் சரியாக இருந்தும் தரவு செல்லாத ஒரு நிலை உண்டு; அதுவே பலரையும் மயக்குவது. சோதனைக்கு அனுப்பும் பொதி சிறியது. தரவைச் சுமக்கும் பொதி பெரியது. வழக்கமான வலையமைப்பில் ஒரு பொதியின் உச்ச அளவு 1,500 பைட்டு. சேமிப்பகங்களில் விரைவு கருதி அதை 9,000 பைட்டாக உயர்த்தி வைப்பதுண்டு. இடைவழியில் ஏதேனும் ஒரு கருவி 1,500க்குமேல் ஏற்காவிட்டால், சிறிய பொதிகள் போய்ச் சேரும், பெரியவை சேரா. ‘அளவு மிகுந்தது’ என்று அக்கருவி அனுப்பும் செய்தியையும் தீயரண் தடுத்துவிட்டால், அனுப்பியவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே வழியைச் சோதிக்கும்போது பெரிய பொதியையும் அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது அடையாளம். இரு கொத்துகளும் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்றிதழ்களும் கடவுச்சொற்களும் உள்ளன. சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. முடிவு நாளை எவரும் குறித்து வைக்காததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த படியாக்கம் ஒருநாள் நள்ளிரவில் நிற்பதுண்டு. கடிகாரமும் இதில் அடங்கும். கெர்பரோஸ் என்னும் அடையாள முறை, இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே இயல்பாக 5 நிமிட வேறுபாட்டையே பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் விலகினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறவாது.

மூன்றாவது இடம். மறுகொத்து நிரம்பிவிட்டால் எழுத இயலாது என்பது வெளிப்படை. மறைவானது குறிப்பேட்டின் இடம். இணைப்பு அறுந்திருக்கும்போது அனுப்பப்படாத மாற்றங்கள் மூலக்கொத்தின் குறிப்பேட்டிலேயே குவியும். அதற்கு வரம்பு வைக்காவிட்டால் மூலத்தின் வட்டே நிரம்பி, மூலமும் நின்றுவிடும். வரம்பு வைத்தால் பழைய பக்கங்கள் கிழித்தெறியப்படும். பிறகு இணைப்பு மீண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. முழுத் தரவையும் தொடக்கத்திலிருந்து அனுப்ப வேண்டும். ஆகவே இணைப்பு எத்தனை மணி நேரம் அறுந்தாலும் தாங்க வேண்டும் என்று முன்னரே கணக்கிட்டு, குறிப்பேட்டுக்கு இடம் ஒதுக்குவது அறிவுடைமை.

பெயரில் ஒளிந்திருந்த பழுது

இனி அந்த எழுத்துக்கு வருவோம்.

வழி திறந்திருந்தது; அடையாளம் சரியாக இருந்தது; இடமும் போதுமானதாக இருந்தது. பட்டணத்துப் பதிவுகள் சென்றன. தோட்டத்துப் பதிவுகள் செல்லவில்லை. கோப்புப் பெயர்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. செல்லாத கோப்புகள் அனைத்தின் பெயரிலும் ‘தோட்டம்’ என்ற சொல் இருந்தது.

‘தோ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். தகரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒரு முறை. ஏகாரக் குறி ஒன்று, துணைக்கால் ஒன்று என இரு குறியெண்களாக இடுவது மற்றொரு முறை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இவ்விரட்டை வடிவம் உண்டு. ஒருங்குறித் தரம் இவ்விரு வடிவங்களையும் நிகரானவை என்றே வரையறுக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பைட்டுகளை எண்ணினால் வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு. ‘தோட்டம்’ என்பது முதல் முறையில் 7 குறியெண்கள், 21 பைட்டு. இரண்டாம் முறையில் 8 குறியெண்கள், 24 பைட்டு.

ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மேக் கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே எழுதி வைக்கும். எங்கள் பதிவுகள் அத்தகைய கணினியில் பெயரிடப்பட்டவை. பட்டியலோ வேறொரு கணினியில், சேர்ந்த வடிவில் தட்டச்சு செய்யப்பட்டது. லினக்ஸில் இயங்கிய சேமிப்பகம் பெயரை எழுத்தாகக் காண்பதில்லை. பைட்டு வரிசையாகவே காண்கிறது. படியாக்க நிரல் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கோப்பாகத் தேடியது. ‘தோட்டம்’ என்ற பெயரில் கோப்பு இல்லை எனக் கண்டு, ஓர் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு அடுத்ததற்குச் சென்றது. இறுதியில் ‘நிறைவு’ என்றும் எழுதியது. அந்த எச்சரிக்கை வரியை எவரும் படிக்கவில்லை. படிக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன்.

இதனோடு உறவுடைய மற்றொரு பழுதும் உண்டு. லினக்ஸில் பரவலாக வழங்கும் கோப்பமைப்புகளில் ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட்டு. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியெண்களே. மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், எழுத்துகளின் எண்ணிக்கை இன்னும் குறையும். எண்ணிக்கையை வேறு வகையில் அளக்கும் கணினியில் இடம்பெற்ற நீண்ட தமிழ்ப் பெயர், மறுகொத்தில் ‘பெயர் மிக நீளம்’ என்று மறுக்கப்படும். தமிழில் பெயர் வைக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஒரே வடிவுக்குப் பெயர்களை இயல்பாக்கிய பின்னரே படியாக்கத்துக்கு விட வேண்டும். நீண்ட விளக்கங்களைப் பட்டியலில் எழுதிப் பெயரைச் சுருக்கமாக வைக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு மூலம் இரண்டாகும் நிலை

படி செல்லாமல் நிற்பதைவிடக் கொடியது, இரு கொத்துகளும் தம்மையே மூலம் எனக் கருதி எழுதத் தொடங்குவது. ஒரே நூலை இரு எழுத்தர் தனித்தனியே திருத்தி வளர்த்தால் பாடவேறுபாடு தோன்றுமல்லவா? அத்தகையது இது.

2018 அக்டோபர் 21ஆம் நாள் கிட்ஹப் நிறுவனத்தில் இது நிகழ்ந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதடைந்து வந்த ஒளியியல் கருவியொன்றை மாற்றும்போது, அங்குள்ள வலையமைப்பு மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே 43 நொடிகள் இணைப்பு அறுந்தது. தானியங்கி மென்பொருள், எஞ்சிய கணினிகளின் பெரும்பான்மை முடிவைக் கொண்டு மேற்குக் கரையிலுள்ள தரவுத்தளங்களை மூலமாக்கியது. மென்பொருள் தனக்கு விதித்தபடியே நடந்தது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில மாற்றங்கள் மேற்குக்குச் சென்று சேர்ந்திருக்கவில்லை. இதை உணர்ந்தபோது மேற்கில் ஏறத்தாழ 40 நிமிட எழுத்துகள் சேர்ந்துவிட்டன. இரண்டிலும் மற்றதில் இல்லாத தரவு. எதையும் எளிதில் கைவிட முடியாது. விரைவைவிடத் தரவின் செம்மையே முதன்மை என்று அந்நிறுவனம் முடிவு செய்தது. காப்புப்படிகளிலிருந்து மீட்டு, இரு கரைகளையும் ஒத்திசைத்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. 43 நொடித் தடைக்கு ஒரு முழுநாள்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதி: இரு மூலங்கள் தோன்றிவிட்டன என்ற ஐயம் எழுந்தால், உடனே இரண்டிலும் எழுதுவதை நிறுத்துக, இரண்டையும் அப்படியே படம்பிடித்து வைத்துக்கொள்க, அதன் பின்னரே ஒப்பிடத் தொடங்குக.

படி வேறு, காப்பு வேறு

மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது. படியாக்கம் நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது. மூலத்தில் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், சில நொடிகளில் படியிலும் அது அழியும். ஒரே பிழையான ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய பத்து ஏடுகளும் அப்பிழையில் ஒத்திருப்பதுபோல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களின் ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். வெவ்வேறு வழியில் வந்த ஏடுகளாக இருந்தாலன்றி அந்த ஒப்பீட்டுக்குப் பயனில்லை. அவ்வாறே, குறித்த நேரத்தில் எடுத்துத் தனியே வைத்த, மூலத்தின் மாற்றங்கள் தீண்டாத காப்புப்படி நமக்கு வேண்டும்.

2017 சனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. துணைத் தரவுத்தளம் பின்தங்கியது. அதற்குத் தேவையான குறிப்பேட்டுப் பக்கங்கள் மூலத்தில் நீக்கப்பட்டுவிட்டதால் படியாக்கம் நின்றது. துணையை வெறுமையாக்கிப் புதிதாகப் படியெடுக்க முனைந்த பொறியாளர், துணையில் இருப்பதாக எண்ணி மூலத்திலேயே அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது. காப்புப்படியைத் தேடினர்; வைப்பிடம் வெறுமையாக இருந்தது. காப்பெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் நெடுநாளாகவே அப்பணி தோல்வியுற்று வந்தது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் அஞ்சல் பாதுகாப்பு விதியால் மறுக்கப்பட்டிருந்தன. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்குமுன் எடுத்த ஒரு படமே அவர்களைக் காத்தது. இவை யாவற்றையும் அந்நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது. அதனால்தான் நாம் கற்க முடிகிறது.

எண்ணிப் பார்த்தல்

‘நிறைவு’ என்ற சொல்லை நம்பாமல், நிறைவை எவ்வாறு அறிவது? மூன்று சோதனைகள் உள.

முதலாவது எண்ணிக்கை. திருக்குறளில் 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதை அறிந்தவர், ஓர் ஏட்டில் ஒன்று விடுபட்டாலும் உடனே காண்பார். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை என்பதை நூலின் பெயரே நமக்கு உணர்த்துகிறது. இரு கொத்துகளிலும் உள்ள கோப்புகளை நாள்தோறும் எண்ணி ஒப்பிட்டிருந்தால், எங்கள் இழப்பு முதல்நாளே தெரிந்திருக்கும்.

இரண்டாவது உள்ளடக்கம். எண்ணிக்கை சரியாக இருந்தும் எழுத்து மாறியிருக்கலாம். ஒவ்வொரு கோப்பின் பைட்டுகளையும் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் பெறலாம். ஒரு பைட்டு மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். இருபுறத்து எண்களும் ஒத்தால் உள்ளடக்கமும் ஒத்தது எனக் கொள்ளலாம்.

மூன்றாவது மீட்பு. பருவத்துக்கு ஒருமுறையேனும், மறுகொத்திலிருந்து சில கோப்புகளை எடுத்துத் திறந்து, கேட்டு, படித்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, இருக்கிறது என்று நாம் கருதும் படியே தவிர, இருக்கும் படியன்று.

பழுது நேர்ந்தபின் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் தொகுத்துச் சொல்கிறேன். எதையும் அழிக்காதீர்கள். எந்தக் கணினியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்யுங்கள். கடைசியாகச் சரியாகச் சென்ற நேரத்தைக் குறியுங்கள். பின்னடைவின் வடிவத்தைப் பாருங்கள். பின்னர் வழி, அடையாளம், இடம், பெயர் என்ற வரிசையில் ஆராயுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதி வையுங்கள்.

எங்கள் பதிவுகளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். மூல ஒலிநாடாக்களை என் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். பெரும்பாலானவற்றை மீண்டும் மின்வடிவாக்கிவிட்டோம். சில நாடாக்களில் பூஞ்சை படிந்து ஒலி சிதைந்துவிட்டது. அவற்றுள் ஒன்று, பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி தம் பேரனுக்குப் பாடிய தாலாட்டு. அவர் இன்று இல்லை. அந்தப் பாட்டின் முதலடி மட்டும் என் களக்குறிப்பேட்டில் இருக்கிறது.

உங்கள் பள்ளியிலும் மன்றத்திலும் இத்தகைய பதிவுகளும் மலர்களும் நிழற்படங்களும் இரண்டிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு பணியைக் கொடுங்கள்: இரண்டிடத்துக் கோப்புகளையும் எண்ணச் சொல்லுங்கள், ஒகர, ஓகாரம் வரும் பெயர்களைத் தனியே பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து கோப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும்.